பெயின்ட் அடித்த கட்டைகள்

எங்கள் துறையில் ஓய்வு பெற்ற ஒவ்வொருவரிடமும் ஓர் அணை இருக்கும். கட்டிய அணை, உடையாமல் காப்பாற்றிய அணை, குறைந்தபட்சம் திறப்பு விழாவில் மந்திரிக்குக் குடை பிடித்த அணை. கூட்டம் சேர்ந்தால் ஆளுக்கொன்றாக எடுத்து வைப்பார்கள். என்னிடம் அணை இல்லை. நான் அலுவலகத்தில் படம் வரைந்தவள். என்னிடம் இருப்பது ஆற்றில் அடித்து வந்த கட்டைகள் சில. அதனால் கூட்டங்களில் காப்பி குடிப்பதோடு சரி.

போன மாதம் அலுவலகத்திலிருந்து ஓர் இளம் பொறியாளர் போன் செய்தாள். மாரங்கொட்டாய்த் தரைப்பாலத்தை இடித்துவிட்டு உயரமான பாலம் கட்டப் போகிறார்களாம். பழைய படங்களைத் தூசி தட்டியதில் என் கையெழுத்துப் போட்ட படம் ஒன்று அகப்பட்டிருக்கிறது. "மேடம், ஆத்து நடுவுல ஒரு மரம் போட்டிருக்கீங்க. படுத்துக்கெடக்கிற மாதிரி, வேரோட. அது ஏதாச்சும் குறிங்களா, இல்ல போரடிச்சு வரைஞ்சதுங்களா?" என்றாள். மரியாதையாகத்தான் கேட்டாள். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, எழுதித் தருகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் நீண்டுகொண்டே போகிறது. பொறுத்துக்கொள்ளட்டும்.

எனக்கு ஊர் இண்டூர்ப் பக்கம். பெயர் லூர்துமேரி. அப்பாவுக்கு நிலக்கடலை, ராகி விவசாயம். மாதா கோயில் சாமியார் ஒருவர் சொன்னதை நம்பி என்னைச் சேலத்தில் படம் வரையும் படிப்பில் சேர்த்துவிட்டார். படித்து முடித்து, தருமபுரியில் பாசனப் பிரிவு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். வேலை எளிமையானது. பழைய படத்தின் மேல் ட்ரேசிங் துணியை விரித்து, கறுப்பு மையால் அதையே திரும்ப வரைய வேண்டும். சின்னாற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். ஆனால் கண்ணைத் திறந்து அதைப் பார்த்தது பாலக்கோடு பஸ்ஸின் ஜன்னல் வழியாக மட்டும்தான். அதுவும் ஜன்னல் சீட்டு கிடைத்த நாட்களில்.

இப்படி நிம்மதியாக இருந்த இடத்துக்குப் பொன்னுரங்கம் சார் உதவி செயற்பொறியாளராக வந்து சேர்ந்தார். ஐம்பதை நெருங்கிய குள்ளமான மனிதர். எதையும் மெதுவாகப் பேசுவார், மெதுவாக நடப்பார், மெதுவாகக் கையெழுத்துப் போடுவார். அவசரப்படுத்தினால் இன்னும் மெதுவாகிவிடுவார். வந்த வாரமே என் மேசையருகே வந்து நின்று, நான் வரைந்திருந்த ஆற்றின் ஒரு வளைவில் விரலை வைத்தார்.

"இந்த எடத்துல கரை எந்தப் பக்கம் அறுக்குதுங்க?"

தெரியாது என்றேன். பழைய படத்தில் இருந்ததை வரைந்தேன் என்றேன்.

"அந்தப் படத்தை வரைஞ்சவரு?"

"அவரும் அதுக்கு முந்தின படத்தைப் பார்த்துதான் சார் வரைஞ்சிருப்பாரு."

"அப்ப இந்த ஆத்தை யாருமே பாக்கல" என்றார் வருத்தமாக. திட்டியிருந்தால் அழுதுவிட்டுப் போயிருப்பேன். அவர் திட்டவில்லை. மறுநாள் ஜீப்பில் எனக்கும் ஓர் இடம் போட்டுவிட்டார். படம் போடும் வேலை என்று சொல்லிவிட்டு ஆற்றில் இறங்கப் போகிறேன் என்கிறாளே என்று அப்பா அம்மாவிடம் புலம்பினாராம். அம்மா என் பையில் புளிச்சோற்றையும் ஜெபமாலையையும் வைத்துவிட்டார். இரண்டில் எது எதற்கு உதவும் என்று அவருக்கே சந்தேகம் இருந்திருக்கும்.

மாரங்கொட்டாயின் பிரச்சினை இதுதான். ஆற்றைக் கடக்க ஒரு தரைப்பாலம். ரோட்டுக்கு அடியில் பெரிய சிமென்ட் குழாய்கள் வரிசையாகப் பதித்து, அவற்றின் வழியாகத் தண்ணீர் போகும்படி கட்டியது. மலையில் மழை பெய்து வெள்ளம் வந்தால் கூடவே கட்டைகளும் வரும். வந்து குழாய்களின் வாயில் குறுக்கே நிற்கும். பிறகு வருவதெல்லாம் அதன் மேல் ஏறி உட்காரும். போக வழியில்லாத தண்ணீர் பாலத்தின் ஓரமாக ரோட்டு மண்ணை அறுத்துக்கொண்டு போய்விடும். ஊர் துண்டாகும். பாலக்கோட்டு மண்டிக்குப் போக வேண்டிய தக்காளி கூடையிலேயே அழுகும்.

இதற்கு மேலிடத்தில் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். பாலத்துக்கு மேலே இரண்டு கரையிலும் நிற்கிற மரங்களையெல்லாம் வெட்டிவிடுவது. மரமே இல்லையென்றால் கட்டை எங்கிருந்து வரும்? கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது. வெட்டுவதற்கு ஒரு கான்ட்ராக்டரும் ரம்பத்தைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

பொன்னுரங்கம் சார் ஒரு மழைக்காலம் அவகாசம் கேட்டார். "கரை மரத்து மேல கேஸ் போட்டிருக்கீங்க. தூக்குல போடறதுக்கு முன்னாடி ஒரு தடவ விசாரிக்கணும் இல்லீங்களா" என்று மேலதிகாரியிடம் சொன்னாராம். மழை முடியும்வரை பார், பிறகு வெட்டு என்று முடிவானது.

அந்தக் கோடையில்தான் நான் ஆற்றுக்குள் நடக்கக் கற்றுக்கொண்டேன். சின்னாறு மணல் ஆறு இல்லை. தேங்காய் அளவிலிருந்து கொட்டைப்பாக்கு அளவுவரை உருண்டைக் கற்கள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ரப்பர் செருப்போடு அதன்மேல் நடப்பது ஒரு தனிக் கலை. பொன்னுரங்கம் சார் முன்னால் போவார். பின்னால் நான், டேப்பும் அட்டையுமாக. எனக்குப் பின்னால் லஸ்கர் மாதையன், பெயின்ட் டப்பாக்களோடு. மதகு திறந்து மூடுகிற வேலைக்கு வந்த மனிதர். கட்டைக்குப் பெயின்ட் அடிப்பது எந்தச் சம்பளப் பட்டியலில் வருகிறது என்று என்னிடம் மட்டும் அவ்வப்போது கேட்பார்.

மரம் எப்படி ஆற்றுக்குள் வருகிறது என்பதை அப்போதுதான் பார்த்தேன். வளைவில் தண்ணீர் கரையின் அடிமண்ணைத் தின்றுவிடுகிறது. மேலே புங்கனும் நாவலும் பாதி வேர் அந்தரத்தில் தொங்க, விழட்டுமா வேண்டாமா என்று நிற்கின்றன. அடுத்த வெள்ளத்தில் விழுகின்றன. மலைப் பக்கத்தில் கதை வேறு. அங்கே சரிவு முழுவதும் மண்ணோடு சரிந்து, மரம், மூங்கில், பாறை எல்லாம் ஒன்றாக ஓடையில் இறங்கியிருக்கும்.

விழுந்து கிடக்கிற ஒவ்வொரு மரத்திடமும் பொன்னுரங்கம் சார் நிற்பார். சுற்றளவு, நீளம், வேர் இருக்கிறதா, வேர் எந்தத் திசையைப் பார்க்கிறது, கரையில் கிடக்கிறதா, கல்மேட்டில் கிடக்கிறதா. எல்லாம் கேட்டுக் குறித்த பிறகு மாதையன் இரண்டு முனையிலும் பட்டை போடுவார். மலைப்பகுதி மரத்துக்குச் சிவப்பு. வயலோரக் கரையில் விழுந்த மரத்துக்கு மஞ்சள். இதில் என்னால் சிரிப்பை அடக்க முடியாத விஷயம் ஒன்று உண்டு. கான்ட்ராக்டர்களை "வாய்யா, போய்யா" என்பவர், கட்டைகளை மட்டும் ஒருநாளும் மரியாதை குறைத்துப் பேசியதில்லை. "இவரு போன வருசம் வந்தவரு. வேரு தண்ணி வர்ற பக்கம் இருக்குது பாருங்க. நல்லா ஊனிட்டாரு. இனிமே லேசுல நகர மாட்டாரு." மாதையன் என் காதில், "இவருக்கு ஒரு நாற்காலி போடலாங்களா?" என்பார்.

பாலத்துக்குக் கொஞ்சம் மேலே வந்தபோது கரையில் ஒரு குவியல் கிடந்தது. முந்தின வருஷம் ஆற்றைச் சுத்தம் செய்கிறேன் என்று ஒரு கான்ட்ராக்டர், விழுந்து கிடந்த மரங்களை லாரிக்கு ஏற்ற வசதியாகத் துண்டு போட்டிருந்தார். நல்ல துண்டுகள் லாரியில் போய்விட்டன. கோணலும் நுனியுமாக மிச்சம் அங்கேயே கிடந்தது. பொன்னுரங்கம் சார் குவியலைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இவங்களுக்கும் ஒரு கலர் குடுத்துடலாம்."

சிவப்பும் மஞ்சளும் தீர்ந்திருந்தன. மைல்கல்லுக்கு வாங்கிய வெள்ளை மட்டும் ஜீப்பில் இருந்தது. வெள்ளை அடித்தோம். அது அவருக்குக் கடைசி நேரத்தில் தோன்றியது. அதுதான் எல்லாவற்றையும் விடப் பயன்பட்டது.

ஐப்பசியில் வெள்ளம் வந்தது. செய்தி கேட்டதும் கிளம்பினோம். ஜீப் பாலக்கோட்டைத் தாண்டுவதற்குள் இரண்டு முறை ஓய்வு எடுத்துக்கொண்டது. போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் வடிந்திருந்தது. வழக்கம்போல் குழாய்கள் அடைத்து, ரோட்டோரம் அறுந்திருந்தது. மேலே போய்ப் பார்த்தோம். மஞ்சள் மரங்கள் பெரும்பாலும் போட்ட இடத்திலேயே கிடந்தன. சிலது கொஞ்சம் திரும்பிப் படுத்திருந்தன, அவ்வளவுதான். வேரில் கல்லையும் மண்ணையும் கட்டிப்பிடித்துக்கொண்டு, அடுத்து வந்த கிளைகளையும் நிறுத்தி வைத்திருந்தன. வெள்ளைக் குவியல் இருந்த இடம் மட்டும் துடைத்துவிட்டது போல இருந்தது.

எங்கே போயின? குழாய் வாய்களில் சிலது தெரிந்தது. ஆனால் பாலத்தின் மேல் ஏறி நின்றதையெல்லாம் எங்களுக்கு முன்பே ஊர் எடுத்துப் போயிருந்தது. விறகு வாசலுக்கு வந்தால் யார் விடுவார்கள்? பாலத்தை அடைத்தது எந்தக் கலர் என்பதற்கான சாட்சியெல்லாம் மாரங்கொட்டாயின் அடுப்படிகளில் இருந்தது.

மாதையன் போய்க் கேட்டார். கட்டையா, எந்தக் கட்டை என்றார்கள். ஆற்றில் வருகிற மரம் அரசாங்கத்துச் சொத்து. எடுத்தால் பிடிப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். பொன்னுரங்கம் சார் போனார். கதவையே சாத்திக்கொண்டார்கள். கடைசியில் இருவரும் என்னைப் பார்த்தார்கள். ஆம்பளைகள் வாசலோடு நிற்க வேண்டும், நான் அடுப்படிவரை போகலாம். அதுவரை அலுவலகத்தில் நான் பெண் என்பதால் கிடைத்த ஒரே சலுகை, ஜன்னலோர நாற்காலி.

முதல் வீட்டில் கெம்பம்மா என்று ஒரு பெண். என்னைவிடக் கொஞ்சம் பெரியவள். விறகு பொறுக்கி விற்பதும், ஆற்றின் இடது கரையில் கையகல இடத்தில் தக்காளி போடுவதும் அவள் பிழைப்பு. அந்த ஊரில் பாதிப் பேர் வீட்டுக்குள் கன்னடம் பேசுகிறவர்கள். நான் வந்த விஷயத்தைச் சொன்னதும் அவள் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் திரும்பி, "ஹேளபேடா" என்றாள். சொல்லாதே என்று அர்த்தம். மாதையனின் மாமியார் வீடு எல்லைக்கு அந்தப் பக்கம். வாசலில் நின்றபடியே அவர் கன்னடத்தில் ஏதோ சொன்னார். இரண்டு பெண்களும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். என்ன சொன்னீர்கள் என்று பிறகு கேட்டேன். "எனக்கும் புரியும், ஆனா நான் சொல்லமாட்டேன்னு சொன்னேனுங்க" என்றார்.

கெம்பம்மா உடனே மடங்கிவிடவில்லை. பெயர் எழுதுவீர்களா என்று கேட்டாள். பொன்னுரங்கம் சாரிடம் ஓடிவந்து கேட்டேன். ஊரும் வேண்டாம், பேரும் வேண்டாம், கலர் மட்டும் போதும் என்றார். அதைப் போய்ச் சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"கட்டை எங்க போச்சுன்னு கலர் அடிச்சுத் தேடறீங்க. எங்க வூட்டுக்காரன் ஆடியில போனவன் இன்னும் வரல. அவனுக்கு ஒரு பட்டை அடிச்சு விட்டிருந்தா இந்நேரம் நீங்களே புடிச்சுக் குடுத்திருப்பீங்க."

சிரிப்பதா, ஆறுதல் சொல்வதா என்று தெரியாமல் நின்றேன். அவளே சிரித்தாள். பிறகு அவளே வீடு வீடாக அழைத்துப் போனாள்.

நான் பார்த்த அடுப்படிகளைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ஒரு வீட்டில் வெள்ளைப் பட்டை போட்ட கட்டை பாதி எரிந்து, பட்டை மட்டும் பத்திரமாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு வீட்டில் அதன் மேல் குடத்தை வைத்திருந்தார்கள். ஒன்று கன்றுக்குட்டி கட்டும் முளையாகிவிட்டது. பிள்ளையார் கோயில் வாசலில் ஒன்று விளக்குத் திட்டாகக் கிடந்தது. அதில் வெள்ளையும் காவியும் மாறி மாறி இருந்ததால், எது எங்கள் பெயின்ட், எது சாமி பெயின்ட் என்று மாதையன் வெகுநேரம் ஆராய்ச்சி செய்தார். சிவப்பு எங்கோ ஒன்றிரண்டு, அதுவும் மூங்கில் சிம்பும் ஒடிந்த கிளையுமாக. மஞ்சள் ஓர் அடுப்பிலும் இல்லை. எங்கும் வெள்ளை.

பொன்னுரங்கம் சார் ஜீப் பானெட்டின் மேல் உட்கார்ந்து நான் சொன்னதைக் கேட்டார். முழுதாகக் கேட்டுவிட்டு, "வேரோட விழுந்தவரு தங்கறாரு. நாம வெட்டிவிட்டவங்கதான் ஓடிவந்து கதவை அடைச்சிருக்காங்க" என்றார். கட்டை நீளமாக, வேரோடு இருந்தால் ஆற்றின் அகலத்தில் எங்காவது இடிபட்டு நின்றுவிடுகிறது. குட்டையாக, மொட்டையாக இருந்தால் மிதந்து பாலம்வரை வந்துவிடுகிறது. ஆற்றைச் சுத்தம் செய்ததில்தான் பாலம் அடைத்தது. இதை எந்தச் சொல்லில் எழுதினால் மேலிடம் கோபித்துக்கொள்ளாது என்று யோசிக்க அவருக்கு ஒரு வாரம் ஆனது.

எழுதினார். மேலிடம் படித்தது. கரை மரங்களை வெட்டுவதை நிறுத்தி வைத்தது. ஆனால் ஒரு நிபந்தனை போட்டது. அந்த ஐப்பசி வெள்ளத்தில் பாலத்துக்குச் சற்று மேலே பெரிய மருதமரம் ஒன்று வேரோடு பெயர்ந்து, ஆற்றின் நடுவே விழுந்து கிடந்தது. யானை படுத்த மாதிரி. அது கிளம்பி வந்தால் பாலமே போய்விடும், அடுத்த மழைக்குள் அதையாவது துண்டு போட்டு அகற்று என்றார்கள்.

இதுதான் கஷ்டமான இடம். துண்டு போட்டால் மறுபடியும் வெள்ளைக் கட்டைக் கதைதான். துண்டுகளையெல்லாம் ஒன்றுவிடாமல் ஏற்றிப் போவதற்கு அந்தக் கற்களின் மேல் ஆற்று நடுவரை லாரி வராது. விட்டுவைத்தால், பொன்னுரங்கம் சார் கணக்குப்படி அது அசையாமல் நின்று, மலையிலிருந்து வருவதையெல்லாம் பாலத்துக்கு முன்பே பிடித்து நிறுத்தும். கணக்கு தவறினால் மரமும் பாலமும் அவர் உத்தியோகமும் சேர்ந்து காவிரிக்குப் போகும்.

ஒரு நாள் முழுக் காலையும் அவர் அந்த மரத்தருகே இருந்தார். வேரின் குழிக்குள் இறங்கினார். வேர்கள் எவ்வளவு கல்லை இறுக்கியிருக்கின்றன என்று கையால் தடவிப் பார்த்தார். மேல்பக்கம் தண்ணீர் கொண்டுவந்து குவித்திருந்த கல்மேட்டைக் காலால் அளந்தார். கிளைப்பக்கம் போய் நின்று பாலத்தைப் பார்த்தார். நானும் மாதையனும் நிழலில் உட்கார்ந்து பொரி தின்றோம். கடைசியில் வந்து, "இவரு இருக்கட்டும்" என்றார். தன் பொறுப்பில் விடுவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார், வழக்கத்தைவிட மெதுவாக. என்னிடம், படத்தில் அந்த மரம் வர வேண்டும் என்றார். ஆற்றில் கிடக்கிற மரத்துக்கு எங்கள் துறையில் குறி கிடையாது. அதனால் இருந்தது இருந்தபடி, வேரோடு வரைந்தேன். போனில் கேட்ட பெண்ணுக்கு இதுதான் பதில்.

அடுத்த மழைக்காலம் நாங்கள் பாலத்திலேயே காத்திருந்தோம். மலையில் இரண்டு நாளாக மழை. மத்தியானம் ஆற்றின் நிறம் மாறியது. முதலில் சத்தம்தான் வந்தது. தண்ணீருக்கு அடியில் கற்கள் உருளுகிற சத்தம், மூட்டை மூட்டையாகக் கடலைக்காய் கொட்டுகிற மாதிரி. பிறகு நுரை, சருகு, அதற்குப் பின்னால் கட்டைகள். வெள்ளம் ஏறும்போதுதான் அவை ஓடிவரும் என்று பொன்னுரங்கம் சார் சொல்லியிருந்தார். அவை சொல்லி வைத்த மாதிரி வந்தன.

மருதமரம் நடுங்கியது. அதன் கிளைப்பக்கம் மெதுவாகப் பாலத்தை நோக்கித் திரும்பியது. மாதையன் வாய்விட்டு முருகனைக் கூப்பிட்டார். நான் பையில் ஜெபமாலையைத் தேடினேன். பொன்னுரங்கம் சார் மட்டும் யாரையும் கூப்பிடவில்லை. மரம் தண்ணீரின் போக்கிலேயே நீட்டிப் படுத்து, நின்றது. வேர் பிடி விடவில்லை. மலையிலிருந்து வந்ததெல்லாம் அதன் மேல் மோதி, ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி, கண்ணெதிரே ஒரு வைக்கோல் போர் போல வளர்ந்தது. எங்கள் காலடியில் குழாய்கள் ஒவ்வொன்றும் தங்குதடையின்றித் தண்ணீரைக் கக்கிக்கொண்டிருந்தன. ஊர்க்காரர்கள் கைதட்டினார்கள். பொன்னுரங்கம் சார் அப்போதுதான் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. போர் வளர வளர, வழி மறித்த தண்ணீர் இடது பக்கம் திரும்பியது. இடது கரையில் கெம்பம்மாவின் தக்காளி. பறிப்புக்கு இன்னும் சில நாள்தான். கரை வரப்பு வரப்பாக உள்ளே விழுந்தது. நாங்கள் ஓடிப்போனபோது அவள் கூடையை வைத்துக்கொண்டு காய், பழம் என்று பார்க்காமல் பறித்துக்கொண்டிருந்தாள். நானும் அவளோடு சேர்ந்து பறித்தேன். அவளுக்குப் பின்னால் இருந்த வரிசை செடியோடு காணாமல் போனபோது, மாதையன் எங்கள் இருவரையும் கையைப் பிடித்து இழுத்துவந்தார். அவளிடம் ஒரு கூடை மிஞ்சியது. அதிலும் பாதி பச்சை.

மறுநாள் காலை பொன்னுரங்கம் சார் அவள் வீட்டு வாசலுக்குப் போனார். என்னையும் கூப்பிட்டார். தனியாகப் போகத் தைரியம் இல்லை என்று நினைக்கிறேன்.

"பாலம் நின்னுதுங்க. உங்க தோட்டம் போச்சு" என்றார். "பாலத்தை மட்டும் பாத்துட்டேன். தடுத்த தண்ணி எங்கயாச்சும் போய்த்தானே ஆகணும்னு பாக்கல."

கெம்பம்மா விளக்குமாற்றை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "பாத்திருந்தா மரத்தை வெட்டியிருப்பீங்களா?"

அவர் யோசித்தார். ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன என்று எனக்கு இருந்தது.

"வெட்டியிருக்க மாட்டேங்க. ஆனா உங்ககிட்ட முன்கூட்டியே சொல்லியிருப்பேன். நீங்க வேற எடத்துல நட்டிருப்பீங்க."

"அதையாச்சும் நெசமா சொன்னீங்களே" என்றாள். உட்காரச் சொல்லவில்லை. மோர் மட்டும் கொடுத்தாள்.

நஷ்டஈடு வாங்கித் தர அவர் அலையாத இடம் இல்லை. அந்த இடம் ஆற்றுப் புறம்போக்கு, அதில் தக்காளி போட்டதே தப்பு என்று ஒரே பதில்தான் வந்தது. ஒரு நாள் சாயங்காலம் அவர் என் மேசைக்கு வந்தார். மருதமரத்தின் மேல் ஏறி நின்ற அந்தப் போரை நான் புதிதாக வரைந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் "வெள்ளத்தில் ஒதுங்கிய மரங்கள்" என்று பென்சிலால் எழுதியிருந்தேன்.

"மரங்கள்னு போட்டா ஏலம் விடணுங்க" என்றார். "ஏலம்னா அந்தக் கான்ட்ராக்டர் வருவான். வந்தான்னா மருதமரத்தையும் சேத்து அறுத்துட்டுப் போவான்."

"வேற என்னங்க சார் போடறது?"

"நல்லாப் பாருங்க. சிம்பு, சருகு, கோணல் கட்டை. நம்ம பாஷையில இதுக்குப் பேரு என்ன?"

நான் ரப்பரை எடுத்து அழித்துவிட்டு, நல்ல கறுப்பு மையில், என் அழகான கையெழுத்தில், "வெள்ளத்தில் ஒதுங்கிய குப்பை" என்று எழுதினேன். குப்பைக்கு ஏலம் கிடையாது. பாலத்தின் பாதுகாப்பை முன்னிட்டு, குப்பையைப் பொதுமக்கள் தங்கள் சொந்தச் செலவில் அகற்றிக்கொள்ளலாம் என்று அவர் ஓர் உத்தரவும் போட்டார். ஊரில் தண்டோராவும் போட்டாயிற்று.

கெம்பம்மாதான் அதற்குத் தலைவி. தை மாதத்திலிருந்து பெண்கள் கூட்டமாகப் போய், மேலிருந்து ஒவ்வொன்றாக உருவி எடுத்தார்கள். வீட்டுக்குப் போக மிச்சத்தை வண்டி வண்டியாகச் செங்கல் சூளைக்கு விற்றார்கள். அந்த வருமானத்தில் கெம்பம்மா கரையிலிருந்து தள்ளி ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து மறுபடியும் தக்காளி நட்டாள். மருதமரத்தில் மட்டும் கைவைக்கக் கூடாது என்று பொன்னுரங்கம் சார் சொல்லியிருந்தார். அதில் ஒரு சுள்ளியைக்கூட அவள் யாரையும் ஒடிக்க விடவில்லை. அறுந்த இடது கரைக்கு அவர் போராடிக் கல் பதித்தார். அடுத்த வெள்ளத்துக்கு மரம் மேலே சுமையில்லாமல் தயாராக இருந்தது.

சித்திரையில் மேலதிகாரி பார்வையிட வந்தார். காரைப் பாலத்தில் நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தார். அறிக்கையில் நாங்கள் எடுத்த போட்டோ ஒன்று இருந்தது. அதில் மலைபோல் மரங்கள். எதிரே ஒற்றை மருதமரம் மட்டும் கிடந்தது. அவர் போட்டோவையும் ஆற்றையும் மாறி மாறிப் பார்த்தார். இவ்வளவு மரமும் எங்கேய்யா போச்சு என்று பொன்னுரங்கம் சாரைக் கேட்டார். சார் வாயைத் திறப்பதற்குள், சும்மாடு கட்டிய தலையோடு கெம்பம்மா அந்தப் பக்கமாக வந்துவிட்டாள். அதிகாரி அவளையே கூப்பிட்டுக் கேட்டார். அந்தப் போர் முழுவதும் மரந்தானே, யார் எடுத்துப் போனது என்று.

அவள் சும்மாட்டை அவிழ்த்து உதறி, தோளில் போட்டுக்கொண்டாள்.

"மரங்களா? அப்படி ஒண்ணும் பாக்கலீங்களே. குப்பைதான் நெறைய கெடந்துச்சு. கவர்மென்ட்டு எடுக்கச் சொல்லுச்சு, நாங்க கூட்டிட்டோங்க."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் படத்தை விரித்துக் காட்டினேன். என் கையெழுத்தில் தெளிவாக இருந்தது. அவர் அதை இரண்டு முறை படித்தார். மூன்றாவது முறை படித்துவிட்டு, நல்லது, ஆறு சுத்தமாக இருக்கிறது என்றார். கரை மரங்களை வெட்டும் உத்தரவை ரத்து செய்துவிடலாம் என்றும் சொன்னார்.

பொன்னுரங்கம் சாரைக் காணவில்லை. பாலத்தடியில் குனிந்து, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். என்ன சார் என்று மாதையன் குரல் கொடுத்தார். முகம் கழுவறேன்யா, வந்துடறேன் என்று கீழேயிருந்து பதில் வந்தது. தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. சித்திரை மாதம் அது. ஆற்றில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.